கை வைத்த நாற்காலி

2017, பொங்கல் கழிந்த வாரம். மாலை ஓ.பி. முடியப்போகிற நேரத்தில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஓர் அண்ணாச்சி வந்தார். அரிசி மண்டி வைத்திருப்பவர், வயது 44. மனைவியும் மூத்த மகளும் கூட வந்திருந்தார்கள். அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். அவர் மட்டும் கதவை ஒட்டி நின்றார்.

"உட்காருங்க அண்ணாச்சி."

"இல்ல டாக்டரம்மா, நின்னுக்கிடுதேன்."

மாடிப்படி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. நெற்றியிலிருந்து வேர்வை வழிகிறது. நான் மறுபடியும் சொன்னேன். அப்போதுதான் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "இந்த சேர்ல அப்பாவால உட்கார முடியாது டாக்டர். போன தடவை வேற ஒரு ஆஸ்பத்திரில எந்திரிக்கும்போது சேரும் கூடவே வந்துட்டு. அங்க இருந்தவங்கல்லாம் சிரிச்சுட்டாங்க."

என் அறையில் இருந்த நாற்காலிகள் எல்லாம் இரண்டு பக்கமும் கை வைத்தவை. உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சையை நான் அப்போது ஒன்பது வருடமாகச் செய்துகொண்டிருந்தேன். அந்த ஒன்பது வருடமும் அதே நாற்காலிகள்தான். எத்தனை பேர் அதற்குள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து, தொடையில் கை அழுந்த அழுந்த என்னிடம் பேசிவிட்டுப் போயிருப்பார்கள் என்று அன்றைக்குத்தான் நினைத்துப் பார்த்தேன். ஒருவர்கூட வாய் திறந்து சொன்னதில்லை.

பரிசோதனைக் கட்டிலில் அவரை உட்கார வைத்துப் பேசினேன். எடை பார்க்கலாம் என்றால், வராந்தாவில் இருந்த மெஷின் 150 கிலோவோடு நின்றுவிடும். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. "163, டாக்டரம்மா. மண்டியில மூட்டை போடுத தராசுல பார்த்துட்டுதான் வாறேன். பயலுவ எல்லாம் போன பொறவு, ஷட்டரை இறக்கிட்டுப் பார்த்தேன்."

ஷட்டரை இறக்கிவிட்டு, அரிசி மூட்டை ஏறுகிற தராசில் ஒரு மனிதர் தனியாக ஏறி நின்றிருக்கிறார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த வாரமே 300 கிலோ வரை காட்டும் மெஷின் வாங்கி, கதவு சாத்தக்கூடிய ஓர் அறையில் வைத்தேன். நாற்காலிகளை எடுத்துவிட்டு, அகலமான, கை இல்லாத பெஞ்சு செய்யச் சொன்னேன். இந்தத் துறையில் நான் செய்த உருப்படியான காரியங்களில் அந்த பெஞ்சையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்வேன்.

வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்பார்கள். சொந்தக்காரர்கள், பழைய வகுப்புத் தோழிகள், சில சமயம் டாக்டர்களேகூட. "வாயைக் கட்டிட்டு ஒரு மணி நேரம் நடந்தா இறங்காதா? அதுக்குப் போய் எதுக்கு நல்லா இருக்குற வயித்தை வெட்டணும்?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அண்ணாச்சியின் கதையை எழுதுகிறேன். அவர் அனுமதி கொடுத்திருக்கிறார். அடையாளம் தெரியாதபடி ஒன்றிரண்டு விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

அவர் வாயைக் கட்டாதவர் இல்லை. அதற்கு முன் மூன்று தடவை எடை குறைத்தவர். ஒரு தடவை 22 கிலோ. மூன்று தடவையும் போனதெல்லாம் திரும்பி வந்தது, கூடவே கொஞ்சம் சேர்த்துக்கொண்டும் வந்தது. எடை கணிசமாக இறங்கும்போது உடம்பு அதைப் பஞ்சம் என்றுதான் எடுத்துக்கொள்கிறது. இரைப்பையின் மேல்பகுதியில் சுரக்கும் கிரெலின் என்ற பசி ஹார்மோன் ஏறுகிறது. 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன்கள் இறங்குகின்றன. சும்மா இருக்கும்போது உடம்பு எரிக்கும் கலோரியும் குறைந்துவிடுகிறது. பழைய எடைக்குத் திரும்பும் வரை உடம்பு இதை விடாமல் செய்கிறது. ஒரு மாதம், இரண்டு மாதம் எதிர்த்து நிற்கலாம். வருடக்கணக்கில் பசியோடு கடை நடத்தி, பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டு எதிர்த்து நிற்பவர்கள் மிகச் சிலர்தான். அண்ணாச்சிக்கு இதையெல்லாம் யாரும் சொன்னதில்லை. "நாக்கை அடக்கத் தெரியாதவன்" என்று அவருடைய அப்பாவே சொல்லியிருக்கிறார். அவரும் அதை அப்படியே நம்பியிருந்தார்.

ஒன்பது வருடமாகச் சர்க்கரை, இரண்டு வேளை இன்சுலின், ரத்த அழுத்தம். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் என்பதால் நாலு வருடமாகக் கட்டிலில் படுத்ததே இல்லை. ஈஸி சேரில் சாய்ந்தபடிதான் உறக்கம். பகலில் கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போதே கண் சொக்கும். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. 57-ஐத் தாண்டியிருந்தது. எங்கள் கணக்கில், இந்தியர்களுக்கு 37.5 இருந்தாலே அறுவை சிகிச்சையை யோசிக்கலாம். சர்க்கரை மாதிரி நோய் கூட இருந்தால் 32.5. கொஞ்ச வருடம் முன்பு, 2022-ல், உலக அளவில் அந்த வரம்பை இன்னும் இறக்கிவிட்டார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டியிருந்தது. வருகிறவர்களில் பாதிப் பேர் நினைப்பது போல அவரும், கொழுப்பை உறிஞ்சி எடுத்துவிடுவோம் என்றுதான் நினைத்திருந்தார். அது லைப்போசக்‌ஷன், அழகுக்கான சிகிச்சை. தோலுக்கடியில் இருப்பதைக் கொஞ்சம் எடுப்பார்கள், சர்க்கரைக்கு அதனால் பலன் இல்லை. நாங்கள் கொழுப்பைத் தொடுவதே இல்லை. இரைப்பையையும் குடலையும்தான் மாற்றி அமைக்கிறோம்.

இது எப்படித் தோன்றியது என்பது எனக்குப் பிடித்த கதை. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற அறுவை மருத்துவர். குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்த நோயாளிகள் அதற்கப்புறம் எடை போடவே இல்லை என்பதைக் கவனித்தார். அதிலிருந்து 1966-ல் பிறந்ததுதான் கேஸ்ட்ரிக் பைபாஸ்: இரைப்பையைச் சின்னதாக்கி, சாப்பாடு குடலின் முதல் பகுதியைத் தாண்டிப் போகும்படி இணைப்பது. பிறகு வால்டர் போரிஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் இன்னொன்றைப் பார்த்தார்கள். பைபாஸ் செய்தவர்களுக்குச் சில நாட்களிலேயே, எடை இறங்கும் முன்பே, சர்க்கரை இறங்கிவிடுகிறது. 1995-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே 'யார்தான் நினைத்திருப்பார்கள்' என்றுதான் தொடங்கும். குடல் வெறும் குழாய் இல்லை, அது ஒரு பெரிய ஹார்மோன் சுரப்பி என்பது எங்கள் துறைக்கு உறைத்தது அந்தக் காலத்தில்தான்.

நான் இந்தப் பக்கம் வந்ததற்குக் காரணம் என் அம்மா. 1994, நான் மருத்துவக் கல்லூரி முதல் வருடம். அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். வலது விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கீறித் திறந்துதான் எடுத்தார்கள். பத்து நாள் வார்டில். வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு மாதம் தலையணையை வயிற்றில் அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருமுவார். தம்பி ஏதாவது கோமாளித்தனம் செய்தால், "சிரிக்க வைக்காதடா, தையல் இழுக்குது" என்று கண்ணில் தண்ணீர் வரக் கெஞ்சுவார். இரண்டு வருடம் கழித்து அந்தத் தழும்பு வழியாகவே குடல் பிதுங்கி, மறுபடி ஓர் ஆபரேஷன்.

அதற்கு நாலு வருடம் முன்பே, 1990 மே 31 அன்று, மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் டெஹம்டன் உத்வாடியா லேப்ராஸ்கோப்பி மூலம், அதாவது சிறு துளைகள் வழியாக கேமராவில் பார்த்துக்கொண்டே, பித்தப்பையை எடுத்திருந்தார், இந்தியாவிலேயே முதல் முறையாக. நான் அதைப் படித்துத் தெரிந்துகொண்டபோது முதலில் வந்தது கோபம்தான். நாலு துளையில் முடிந்திருக்க வேண்டியது என் அம்மாவுக்கு ஒரு சாண் தழும்பாகிவிட்டதே என்று. ஆனால் எந்தப் புது முறையும் ஒரே நாளில் ஊர் ஊராக வந்து சேர்வதில்லை. ஜெர்மனியில் 1980-ல் குர்ட் செம் என்ற மகப்பேறு மருத்துவர் லேப்ராஸ்கோப்பி வழியாகக் குடல்வால் எடுத்தபோது, அவரை மருத்துவம் செய்யவிடாமல் நிறுத்தி வைக்க வேண்டும் என்று அந்நாட்டு அறுவை மருத்துவர் சங்கத் தலைவரே எழுதினார். 1985-ல் அதே நாட்டில் முதன்முதலாகப் பித்தப்பையை எடுத்த எரிக் மூயையும் சக மருத்துவர்கள் நம்பவில்லை. நம் பக்கத்தில் தொண்ணூறுகளில் டாக்டர் சி. பழனிவேலு கோவையில் இருந்துகொண்டு இதை வளர்த்தெடுத்தார். உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து நெஞ்சில் சிறு துளைகள் வழியாகச் செய்யும் அவருடைய முறையை இன்று வெளிநாடுகளிலும் அவர் பெயரைச் சொல்லித்தான் குறிப்பிடுகிறார்கள். மேல்படிப்பு முடித்ததும் நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு கோவைக்குப் போனதற்கு வேறு காரணம் வேண்டுமா?

சரி, அண்ணாச்சியிடம் வருகிறேன்.

ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம் ஒரு உணவுமுறை உண்டு. எடை குறைக்க இல்லை, கல்லீரலைச் சுருக்க. இயல்பான கல்லீரல் கருஞ்சிவப்பாக, ஓரம் கத்தி போலக் கூர்மையாக இருக்கும். கொழுப்பு படிந்த கல்லீரல் மஞ்சளாகி, ஓரம் மழுங்கி, இரைப்பையை முழுசாக மூடிக்கொண்டு படுத்திருக்கும். தூக்கினால் நொறுங்கும், ரத்தம் கசியும். மாவுச்சத்தை நிறுத்தினால் 14 நாளில் நன்றாகவே சுருங்கிவிடும். ஆகவே சோறு இல்லை, இட்லி இல்லை. மோர், முட்டை வெள்ளைக்கரு, கொஞ்சம் பயறு, வேகவைத்த காய், புரோட்டீன் பவுடர்.

தன்னைச் சுற்றி ஆயிரம் மூட்டை அரிசி. காலையிலிருந்து ராத்திரி வரை அந்த வாசனை. பொன்னி, அம்பை என்று ஆட்கள் கையில் அள்ளி அள்ளிக் காட்டுகிறார்கள். அதற்கு நடுவில் 14 நாள் ஒரு பருக்கை சோறு தொடாமல் உட்கார்ந்திருந்தார். வந்தபோது 7 கிலோ குறைந்திருந்தது. இந்த மனிதருக்குத்தான் மன உறுதி இல்லை என்று 20 வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவருக்கு ஸ்லீவ் செய்வது என்று முடிவு செய்தோம். இரைப்பையின் வெளி வளைவு முழுவதையும் நீளவாக்கில் எடுத்துவிட்டு, உள்வளைவை ஒட்டி ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பது. சர்க்கரைக்கு பைபாஸ் இன்னும் நல்லது என்று சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் அவ்வளவு எடையில், அப்படிப்பட்ட மூச்சுப் பிரச்சினையோடு, எவ்வளவு சீக்கிரம் மேஜையை விட்டு இறக்குகிறோமோ அவ்வளவு நல்லது. தேவைப்பட்டால் பிறகு பைபாஸாக மாற்றிக்கொள்ளலாம்.

தியேட்டரில் பாதி வேலை கத்தி எடுக்கும் முன்பே முடிந்துவிடுகிறது. மயக்க மருத்துவர் தலைக்கும் தோளுக்கும் கீழே துணிகளை மடித்து மடித்து வைத்து ஒரு சரிவை உண்டாக்குவார். காதுத் துளையும் நெஞ்செலும்பின் மேலே இருக்கும் குழியும் ஒரே மட்டத்தில் வர வேண்டும். அது வந்தால் மூச்சுக்குழாயில் டியூப் போடுவது சுலபம். வராமல் அவசரப்பட்டால் உயிருக்கே ஆபத்து. கால்களில் ரத்தம் உறையாமல் இருக்க, காற்று ஏறி இறங்கும் உறை. மேஜையோடு சேர்த்து இரண்டு பட்டை, பாதத்துக்குக் கீழே ஒரு பலகை. ஏனென்றால் பிறகு மேஜையைத் தலைப்பக்கம் உயர்த்தி ஏறக்குறைய நிற்க வைப்போம். அப்போதுதான் குடல்கள் கீழே சரிந்து இரைப்பை கண்ணில் படும்.

ஐந்து துளைகள். வயிற்றுக்குள் கரியமில வாயுவை 15 மி.மீ. பாதரச அழுத்தத்துக்கு நிரப்பினால் கூடாரம் போட்டது மாதிரி இடம் கிடைக்கும். கல்லீரலை ஒரு வளைந்த கம்பி தூக்கிப் பிடித்திருக்கும். இரைப்பையின் வெளி ஓரத்தில் தொங்கும் கொழுப்புத் திரையைப் பிரித்துக்கொண்டே மேலே போனால், மண்ணீரலுக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள். பேச்சு எல்லாம் அங்கே நின்றுவிடும். அதைத் தாண்டியதும் வாய் வழியாக 12 மி.மீ. தடிமனுள்ள ஒரு ரப்பர் குழாயை இரைப்பைக்குள் இறக்குவார்கள். அதுதான் அளவு. அதை ஒட்டித்தான் வெட்ட வேண்டும்.

வெட்டுவது ஸ்டேப்ளர். 60 மி.மீ. நீளம், ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் தைத்து நடுவில் வெட்டும். கீழ்ப்பகுதியில் சுவர் தடிமன், அங்கே பெரிய பின்கள் உள்ள பச்சை கார்ட்ரிட்ஜ். மேலே போகப் போக மெலியும், அங்கே நீலம். ஸ்டேப்ளரின் தாடையை மூடியதும் உடனே அழுத்தி வெட்டிவிடக் கூடாது. பதினைந்து விநாடி பொறுக்க வேண்டும். திசுவில் இருக்கும் நீர் பிழிந்து வெளியேறி, சுவர் சமமாகும் வரை. என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு இந்தப் பதினைந்து விநாடிதான் பெரிய பாடு. நான் சத்தமாக எண்ணச் சொல்வேன். தியேட்டரே அமைதியாக, ஒரே ஒரு குரல் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்கும். அண்ணாச்சிக்கு ஆறு தடவை எண்ணினோம். கடைசி ஸ்டேப்ளர் உணவுக்குழாய் சேரும் இடத்துக்கு மேலே போய்விடாமல், ஒரு சென்டிமீட்டர் தள்ளி.

வெட்டிய இரைப்பையைப் பெரிய துளை வழியாக இழுத்து வெளியே எடுத்து டிரேயில் வைத்தார்கள். வெளிறிய இளஞ்சிவப்பு, காற்றுப் போன பலூன் மாதிரி சுருங்கி, ஒரு பக்கம் முழுக்க வெள்ளிக் கோடு மாதிரி ஸ்டேப்ளர் தையல். முக்கால் பங்குக்கு மேல் அது. உள்ளே மிஞ்சியிருப்பது ஒரு சின்ன காபி டம்ளர் அளவு. பசி ஹார்மோன் பெருமளவு சுரக்கும் பகுதி இந்த டிரேயில்தான் இருக்கிறது. மகளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா டாக்டர், இதுதான் அப்பாவை இந்தப் பாடு படுத்துச்சா" என்றாள்.

அதற்கப்புறம் வருகிற நாலைந்து நாட்கள் எனக்கு எப்போதுமே பயம்தான். அந்த பயம் எனக்குள் வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும்.

2013-ல் ஓர் ஆசிரியை, 32 வயது. ஆபரேஷன் அருமையாக முடிந்தது. நாலாம் நாள் மாலை நாடித்துடிப்பு 124. காய்ச்சல் பெரிதாக இல்லை, வயிறு இளக்கமாகவே இருந்தது. தோள்பட்டை வலிக்கிறது என்றார். வாயுவினால் வரும் வலி என்று நினைத்தேன். குளுக்கோஸ் பாட்டில் போதவில்லை என்று நினைத்தேன். காலையில் பார்ப்போம் என்று வீட்டுக்குப் போய்விட்டேன். பதினொரு மணி நேரம் கழித்து சி.டி. எடுத்தபோது, ஸ்டேப்ளர் கோட்டின் உச்சியில் கசிவு. இடது உதரவிதானத்துக்குக் கீழே சீழ். தோள்பட்டை வலித்தது அதனால்தான். மறுபடி உள்ளே போய்க் கழுவி, குழாய் வைத்து, சிறுகுடலில் உணவுக்குழல் போட்டு, பிறகு எண்டோஸ்கோப்பி மூலம், கசிவை உள்ளிருந்து மூடும் ஸ்டென்ட் குழாய். 52 நாள் மருத்துவமனையில் இருந்தார். பிழைத்துக்கொண்டார். அவருடைய கணவர் ஒரு நாள்கூட என்னிடம் குரல் உயர்த்தவில்லை. தினமும் காலையில் "இன்னைக்கு எப்படி டாக்டர்?" என்று மட்டும் கேட்பார். அதைத் தாங்குவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இப்படிக் கசிவது நல்ல அனுபவமுள்ள இடங்களில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான். ஆனால் அந்த ஒன்று வரும்போது நாடிதான் முதலில் சொல்லும். அன்றிலிருந்து, 110-க்கு மேல் துடிப்பு போனால் எந்நேரமானாலும் என்னைக் கூப்பிட வேண்டும் என்று வார்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு செவிலியர் கூப்பிட்டு, போய்ப் பார்த்தால் ஒன்றும் இல்லை என்று திரும்பியது எத்தனையோ தடவை. ஒரு தடவையும் அவர்களைக் கடிந்துகொண்டதில்லை. இந்த ஆபரேஷனில் உயிரிழப்பு ஆயிரத்துக்கு ஒன்று முதல் மூன்று வரை என்று எல்லோருக்கும் நான் சொல்லிவிடுவேன், எதையும் பூசி மெழுகாமல். கேட்டுவிட்டு எழுந்து போனவர்களும் உண்டு. அது அவர்கள் உரிமை.

அண்ணாச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று சாயங்காலமே எழுப்பி நடக்க வைத்தோம். மறுநாள் மருந்து அளக்கும் சின்னக் கப்பில் 30 மில்லி தண்ணீர். அதைக் கால் மணி நேரம் உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தார். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகும்போது இன்சுலின் இல்லை, ஒரே ஒரு மாத்திரை. பிறகு இரண்டு வாரம் நீராகாரம்: வடிகட்டிய பருப்புத் தண்ணீர், இளநீர், நீர் மோர், தெளிந்த ரசம். அப்புறம் கூழ் மாதிரி மசித்தது. அதற்கப்புறம் மெதுவாகக் கெட்டி உணவு, முதலில் மீன். தூத்துக்குடிக்காரருக்கு அது ஒரு கொடுப்பினை. சைவக்காரர்களுக்குத் தினம் 60 கிராமுக்குக் குறையாமல் புரோட்டீன் சேர்ப்பது பெரும் போராட்டம். பயறு, பன்னீர், சோயா, தயிர் என்று எங்கள் டயட்டீஷியன் ஆளுக்கு ஒரு கணக்குப் போட்டுக் கொடுக்கிறார். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி நேரம் தள்ளித்தான். நிறையப் பேருக்குக் கடினமாகத் தெரிவது இதுதான்.

மூன்றாம் மாதம் ஒரு நாள் காலை அவருடைய மனைவி போன் செய்தார். என்னமோ ஏதோ என்று பதறி எடுத்தேன். "நேத்து ராத்திரி கட்டில்ல மல்லாக்கப் படுத்துத் தூங்குனாவ டாக்டரம்மா. நாலு வருசம் கழிச்சு." அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார்.

ஒன்றரை வருடத்தில் 109 கிலோவுக்கு வந்தார். ஆனால் ஊரில் யாரிடமும் ஆபரேஷன் என்று சொல்லவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு இலையை மூடுவார். "என்ன அண்ணாச்சி இப்படி மெலிஞ்சிட்டிய, உடம்புக்கு என்னமும் சீக்கா?" என்று கேட்பார்கள். கேன்சர் என்றுகூடப் பேச்சு கிளம்பி, சரக்கு அனுப்பும் ஆலைக்காரர் ஒருவர் பாக்கியைக் கேட்டு ஆள் அனுப்பினாராம். குண்டாக இருந்தபோதும் பேச்சு, மெலிந்தபோதும் பேச்சு.

பெண்களுக்கு இது வேறு மாதிரி. மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் முடி கொட்டும். கொத்துக் கொத்தாகக் கையில் வருகிறது என்று அழுதுகொண்டு கூப்பிடுவார்கள். வளர்ந்துவிடும் என்று எத்தனை முறை முன்கூட்டியே சொன்னாலும் அந்த நேரத்தில் மனம் கேட்பதில்லை. மாதவிலக்கு ஒழுங்கின்றி இருந்தவர்களுக்கு அது சீராகும். பிள்ளைப்பேறு தள்ளிப்போனவர்கள் பலர் கருத்தரிக்கிறார்கள். ஒரு வருடத்திலிருந்து ஒன்றரை வருடம் வரை பொறுத்திருங்கள் என்று நாங்கள்தான் கெஞ்ச வேண்டியிருக்கும். மாமியார்மாரிடம் அதை விளக்குவது எங்கள் டயட்டீஷியனின் தனித் திறமை.

ஒரு வருத்தத்தையும் எழுதிவிடுகிறேன். காப்பீட்டு விதி இன்னும் பி.எம்.ஐ. 40 என்றுதான் இருக்கிறது. கடுமையான நோய்கள் கூட இருந்தால் 35. நம் உடம்பு அதற்கு வெகு முன்பே சர்க்கரைக்கு ஆளாகிவிடுகிறது. போன வருடம் ஒரு பெண், பி.எம்.ஐ. 34, கட்டுக்கடங்காத சர்க்கரை, இன்சுலின். காப்பீடு மறுக்கப்பட்டது. கடிதத்தைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "மூணு கிலோ ஏத்திக்கிட்டு வந்தா கிடைக்குமா டாக்டர்?" அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

எடை குறைக்கும் புது ஊசிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். டிர்செபடைடும், எடைக்கென்றே வரும் செமாக்ளூடைடும் 2025-ல் இங்கேயும் வந்துவிட்டன. எனக்கு அதில் சந்தோஷம்தான். குடல் ஹார்மோன்களைப் போலவே வேலை செய்பவை, நாங்கள் கத்தியால் செய்வதை மருந்தால் செய்கின்றன. நிறையப் பேருக்கு அதுவே போதும். நிறுத்தினால் இறங்கிய எடையில் பெரும்பகுதி திரும்பி வருகிறது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு ஆரம்பியுங்கள். ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவதற்கு நாம் யாரையும் குறை சொல்வதில்லை. இதிலும் அப்படித்தான்.

அண்ணாச்சி முதல் மூன்று வருடம் தவறாமல் வந்தார். தை மாதம் பிறந்தால் ஒரு சிப்பம் புதுப் பச்சரிசியோடு வருவார், ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு போவார். கொரோனா வந்த பிறகு காணவில்லை. எங்கள் ஒருங்கிணைப்பாளர் போன் செய்தால், "வாறேன், வாறேன்" என்பார். வரவில்லை. 2023-ல் அவருடைய மகள்தான் பிடிவாதமாக அழைத்து வந்தாள். அவளுக்குக் கல்யாணமாகிக் கையில் ஒரு குழந்தை.

எடை 121. பன்னிரண்டு கிலோ ஏறியிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்க உழைப்பை எல்லாம் வீணாக்கிட்டேன் டாக்டரம்மா. அதான் வர முகமில்ல" என்றார்.

அவருடைய பழைய ஃபைலைத் திருப்பி, 2017-ல் மண்டித் தராசில் பார்த்துவிட்டு வந்து சொன்ன எண்ணைக் காட்டினேன். 163. ஸ்லீவ் செய்தவர்களுக்கு ஐந்தாறு வருடத்தில் கொஞ்சம் ஏறுவது நாங்கள் எதிர்பார்ப்பதுதான் என்று சொன்னேன். உடம்பு அதன் வேலையைச் செய்கிறது, நாமும் நம் வேலையைச் செய்வோம் என்றேன். மூன்று வருடம் அவர் வராமல் இருந்ததுதான் எனக்குக் கவலை என்றும் சொன்னேன். வரமுடியாத அளவுக்கு வெட்கப்படும்படி நான் எப்போதாவது ஏதாவது சொல்லியிருக்கிறேனா என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றார். மகள் குழந்தையை அவர் மடியில் வைத்தாள்.

ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 ரொம்பக் குறைவாக இருந்தது. கால் மரத்துப் போகிறது என்று அவர் வயதின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்ததற்கு அதுதான் காரணம். ஊசி எழுதிக் கொடுத்தேன். சர்க்கரை மாத்திரை இன்னும் ஒன்றோடுதான் நிற்கிறது. டயட்டீஷியனிடம் அனுப்பினேன், சாயங்காலம் கடையில் முறுக்கும் டீயும் சேர்ந்துகொண்டிருந்ததை அவர் கண்டுபிடித்தார். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னேன்.

சரியாக மூன்று மாதத்தில் வந்தார். தை மாதம் இல்லாததால் கையில் அரிசி இல்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.